கடலடிக் கிணறுகள்: வாசகர் கேள்வி – பதில்

கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் முறை பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய கட்டுரைக்குக் கடலூர், புதுச்சேரி வட்டாரங்களிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. கடல் மேடைகளில் உற்பத்திப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டுக் கடலூர் முதுநகரில் வசித்துவருபவன் நான். எனக்குத் தெரிந்த அளவில் அவற்றுள் ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் உள்ள பிஒய்-3 எண்ணெய் வயலை 1988-இல் கண்டுபிடித்து 1997-இல்தான் எண்ணெய் எடுத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எண்ணெய் இருப்பது தெரிந்த பிறகும் ஒன்பது ஆண்டுகள் ஏன் காத்திருக்க வேண்டும்? – கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

ஒரு கிணறு எண்ணெயைக் காட்டினால், அந்த இடத்தில் எண்ணெய் இருக்கிறது என்று மட்டுமே பொருள். அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, எத்தனை ஆண்டுகள் வரும், எந்த வேகத்தில் வரும் என்பவை அதிலிருந்து தெரிவதில்லை. பூமிக்கடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கி நிற்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், ஈர மணலில் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருப்பதைப் போல அது பாறையின் நுண்துளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கை மேலே கொண்டுவந்தாலே நல்ல வயல் என்று சொல்வோம். ஆகவே முதல் கிணற்றுக்குப் பிறகு மதிப்பீட்டுக் கிணறுகள் தோண்ட வேண்டும். ஒவ்வொன்றையும் சில மணி நேரம் திறந்து ஓடவிட்டு, பிறகு மூடி, அடியில் அழுத்தம் எவ்வளவு விரைவாகப் பழைய நிலைக்கு ஏறுகிறது என்று அளவுமானியில் கவனிக்க வேண்டும். அழுத்தம் சட்டென்று ஏறினால் பாறை எண்ணெயை எளிதாக விட்டுக்கொடுக்கிறது என்றும், ஏறவேண்டிய அளவுக்கு ஏறாமல் நின்றுவிட்டால் வயல் சிறியது என்றும் அறிகிறோம்.

பிஒய்-3 புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே கடலின் ஆழம் 40 மீட்டரில் தொடங்கி 450 மீட்டர் வரை சரிந்துபோகிறது. அதைக் கண்டுபிடித்தது ஓ.என்.ஜி.சி. கண்டறியப்பட்ட சிறிய, நடுத்தர வயல்களைக் கூட்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்த முறையில் வழங்கும் கொள்கை 1990-களின் தொடக்கத்தில் வந்த பிறகே இந்த வயலுக்கு வழி பிறந்தது. இந்த அளவுள்ள வயலுக்குக் கடலடியில் கால் ஊன்றிய பெரிய மேடை கட்டினால் செலவுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் கிணற்றின் வாயைக் கடல்தரையிலேயே அமைத்து, மிதக்கும் உற்பத்திக் கலம் ஒன்றையும் எண்ணெயைச் சேமிக்க டேங்கர் கப்பல் ஒன்றையும் மேலே நிறுத்தினார்கள். அங்கே கிடைத்தது 49 டிகிரி ஏ.பி.ஐ. எண்ணெய். ஏ.பி.ஐ. என்பது எண்ணெயின் அடர்த்தியைச் சொல்லும் அளவு; எண் கூடக்கூட எண்ணெய் இலேசாகும். கணக்குப் போட்டால் அதன் ஒரு லிட்டர் 784 கிராம்தான் வருகிறது. கச்சா எண்ணெய் என்றதும் நாம் நினைக்கும் தாரைப் போன்ற குழம்பு அல்ல. ஏறக்குறைய மண்ணெண்ணெய் அளவுக்கு இலேசானது.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு வயல்களைச் சொல்கிறேன். மும்பைக் கடலிலுள்ள பம்பாய் ஹை (இன்றைய மும்பை ஹை) 1974 பிப்ரவரியில் கண்டறியப்பட்டு 1976 மே மாதமே உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. அது மிகப் பெரிய வயல், ஆழமும் 75 மீட்டர் அளவுதான், எண்ணெய்க்காக நாடே தவித்த காலம் அது. நம் பக்கத்திலுள்ள பிஒய்-1 எரிவாயு வயலோ 1980-இல் கண்டறியப்பட்டு 2009-இல்தான் உற்பத்திக்கு வந்தது. எண்ணெயைக் கப்பலில் ஏற்றி எங்கு வேண்டுமானாலும் விற்கலாம். எரிவாயுவுக்கு அந்த வசதி இல்லை. வாங்குபவர் யார் என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அவர் வாசல் வரை குழாய் போட வேண்டும். பிஒய்-1 வாயுவுக்காகத் தரங்கம்பாடி அருகே பிள்ளைப்பெருமாள்நல்லூர் வரை 56 கிலோமீட்டர் குழாய் போடப்பட்டது. போதாக்குறைக்கு, அங்கே வாயு இருப்பது மணற்பாறையில் அல்ல, கருங்கல் அடித்தளத்தின் வெடிப்புகளில். எந்த வெடிப்பு எதனோடு சேர்கிறது என்பதைத் தோண்டித் தோண்டித்தான் அறிய முடியும்.

கடலில் ரிக் நின்றால் அதைச் சுற்றி மீன் கூடுகிறது. நாங்கள் நெருங்கினால் விரட்டுகிறார்கள். கடல் எல்லோருக்கும் பொதுதானே? – விசைப்படகு உரிமையாளர், தேவனாம்பட்டினம்

மீன் கூடுவது உண்மைதான். மேடையின் கால்களில் கொட்டலசும் சிப்பியும் பாசியும் படிந்து ஒரு பார் போல ஆகிவிடுகிறது. இரவு முழுவதும் விளக்கு எரிவதும் மீனை இழுக்கிறது. நான் வேலை பார்த்த மேடைகளில் இரவு உணவுக்குப் பிறகு கைப்பிடிக் கம்பியருகே நின்று பார்த்தால், வெளிச்சம் விழும் வட்டத்துக்குள் பாரை மீன்கள் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். மீனவர் ஊரில் பிறந்தவனுக்கு அந்தக் காட்சி என்னவாக இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடல் மேடையைச் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் அமைக்கலாம் என்பது பன்னாட்டுக் கடல் சட்டம் ஏற்றுக்கொண்ட அளவு. நம் நாட்டிலும் அதுவே நடைமுறை. அதன் காரணத்தை மேடையின் பக்கவாட்டைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். கடல்தரையிலிருந்து எண்ணெயையும் வாயுவையும் மேலே கொண்டுவரும் ரைசர் குழாய்கள் மேடையின் கால்களை ஒட்டியே ஏறுகின்றன. 2005 ஜூலை 27 அன்று மும்பை ஹையில் காயமடைந்த பணியாளர் ஒருவரை மேடைக்கு மாற்றுவதற்காக நெருங்கிய துணைக்கப்பல் ஒன்று, மழைக்கால அலையில் தள்ளப்பட்டு அந்த ரைசர்களில் மோதியது. கசிந்த வாயு தீப்பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் மேடையே கடலில் சரிந்தது. 384 பேரில் 362 பேரைக் காப்பாற்ற முடிந்தது. 22 பேர் இறந்தார்கள். உதவிக்கு வந்த, பயிற்சி பெற்ற மாலுமிகள் கையாண்ட கப்பலுக்கே இந்த நிலை என்றால், எஞ்சின் நின்றுபோய் நீரோட்டத்தில் தள்ளப்படும் படகை எண்ணிப் பாருங்கள்.

இழுவலை போடுகிறவர்கள் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். வலையின் பலகை கடலடிக் குழாயிலோ கிணற்றுத் தலையிலோ மாட்டிக்கொண்டால், குழாய்க்கு வரும் ஆபத்தைவிடப் படகுக்கு வரும் ஆபத்தே பெரிது. வின்ச்சை இழுக்க இழுக்கப் படகின் பின்பக்கம் தாழ்ந்து தண்ணீர் ஏறிவிடும். மாட்டியது தெரிந்தால் இழுக்காமல் கம்பியை அறுத்துவிடுங்கள். பலகையும் வலையும் இலட்சக்கணக்கில் போகும் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் சொல்கிறேன். மேடைக்கு அருகே எஞ்சின் நின்றுவிட்டால் வி.எச்.எஃப். வானொலியின் 16-ஆம் சேனலில் உடனே கூப்பிடுங்கள். கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554.

ஆனால் உங்கள் குறையில் நியாயம் இருக்கிறது. கடலடியில் எண்ணெய் இருக்கிறதா என்று தேடும் நில அதிர்வு ஆய்வுக் கப்பல்கள் பல கிலோமீட்டர் நீளமுள்ள கேபிள்களை இழுத்துக்கொண்டு வரும்போது திடீரென்று நிற்கவோ திரும்பவோ அவற்றால் முடியாது. வழியில் கிடக்கும் வலைகள் அறுந்துபோகும். எந்த நாளில் எந்தப் பகுதியில் வரப்போகிறோம் என்பதைக் கிராமப் பஞ்சாயத்தாரிடம் முன்கூட்டியே சொல்வதும், அறுந்த வலைக்கு இழப்பீடு கொடுப்பதும் ஆய்வு செய்பவரின் கடமை. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை ஆய்வு நடத்தினால் யாருக்கும் தொல்லையில்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. மீன் இனப்பெருக்கத்துக்காகத்தான் அந்த 61 நாள்களையே ஒதுக்கியிருக்கிறோம். அந்த நேரம் பார்த்துத் தண்ணீருக்கடியில், ஆய்வுக்கான அதிர்வை எழுப்பும் காற்றுத் துப்பாக்கிகளை வெடிப்பது தடையின் நோக்கத்துக்கே மாறானது.

தானே புயல் போல ஒன்று வந்தால் நடுக்கடலில் கிணறுகள் என்ன ஆகும்? உடைந்து எண்ணெய் கொட்டாதா? – வணிகர், கடலூர் முதுநகர்

2011 டிசம்பர் 30 காலையை நாம் யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட காற்றுக்காகவே ஒவ்வொரு கிணற்றிலும், கடல்தரைக்குக் கீழே குழாயின் உட்புறத்தில், ஒரு பாதுகாப்பு வால்வு வைக்கப்படுகிறது. கால் அங்குல அளவுள்ள மெல்லிய குழாய் வழியாக மேலிருந்து எண்ணெய் அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் அது திறந்திருக்கும். அந்த அழுத்தம் நின்றால் ஸ்பிரிங் அதை மூடிவிடும். மேடை உடைந்தாலும், மின்சாரம் போனாலும், ஆளே இல்லாவிட்டாலும், மூடுவதற்கு யாருடைய கையும் வேண்டியதில்லை.

ஆனால் வால்வு இருந்தால் போதாது, அது பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் அதை மூடி, அதற்கு மேலுள்ள அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, அளவுமானியின் முன் நிற்போம். முள் கீழேயே கிடந்தால் வால்வு நன்றாகப் பிடிக்கிறது. மெல்ல மேலே நகர்ந்தால் கசிகிறது. கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கும்; கைக்குட்டையால் துடைத்துவிட்டு, முள்ளின் நுனிக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, கையில் கடிகாரத்துடன் காத்திருப்போம். ஒரு முறை அந்தக் கோட்டைத் தாண்டி முள் ஒரு நூலளவு நகர்ந்தபோது, கண்ணின் பிழையாக இருக்கும் என்று என்னுடன் இருந்தவர் சொன்னார். திரும்பவும் சோதித்தோம், திரும்பவும் நகர்ந்தது. அந்தக் கிணற்றை நிறுத்தி வால்வை மாற்ற வேண்டியதாயிற்று.

புயலைப் பொறுத்தவரை என் கவலையெல்லாம் மனிதர்களைப் பற்றியது. மேடைகள் பெரும்புயலின் அலை உயரத்தைக் கணக்கிட்டு, அதற்கும் மேலே தளம் இருக்கும்படி கட்டப்படுகின்றன. ஆட்கள் தங்கும் மிதவைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2021 மே மாதம் டவ்தே புயலில் பி-305 என்ற மிதவை நங்கூரம் விடுபட்டு அடித்துச் செல்லப்பட்டு மூழ்கியதில் பலர் இறந்தார்கள். எச்சரிக்கை வந்தவுடன் ஆட்களைக் கரையேற்றிவிட வேண்டும். இரண்டு நாள் வேலை கெடுமே என்ற கணக்கு அந்த நேரத்தில் எழவே கூடாது.

ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்த என் மகனுக்குக் கடலில் எண்ணெய் மேடை வேலை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். அனுப்பலாமா? – ஒரு தாய், நெல்லிக்குப்பம்

நல்ல வேலைதான் அம்மா, ஆனால் கடினமானது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், விடுமுறை இல்லாமல் 14 நாள் அல்லது 28 நாள் அங்கேயே இருந்துவிட்டு, பிறகு அதே அளவு நாள்கள் வீட்டில் இருப்பது பொதுவான முறை. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இதைவிட நீண்ட காலமும் ஆகலாம். வீட்டில் இருக்கும் நாள்களுக்குச் சம்பளம் உண்டா என்பதை முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டு வேலை என்றால், முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். அதற்குமேல் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஹெலிகாப்டரில் போய்வரும் வேலை என்றால், அது கடலில் விழுந்தால் தப்பிக்கும் ஹியூயட் பயிற்சியும் உண்டு. நீச்சல் குளத்தில் ஹெலிகாப்டர் போன்ற ஒரு கூண்டில் பெல்ட் கட்டி உட்காரவைத்து, தண்ணீரில் இறக்கித் தலைகீழாகப் புரட்டுவார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் அதில் தடுமாறுகிறார்கள். கூண்டு புரளும்போதே பெல்ட்டைக் கழற்றிவிடுவதால் உடல் மிதந்து, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் போய்விடுகிறது. ஒரு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, புரள்வது நிற்கும் வரை பொறுத்திருந்து, பிறகே பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இதை உங்கள் மகனிடம் இப்போதே சொல்லிவையுங்கள். இந்தப் பயிற்சியோ மருத்துவப் பரிசோதனையோ இல்லாமல், நேராக வந்து ஏறிக்கொள் என்று சொல்லும் இடத்துக்கு அவரை அனுப்பாதீர்கள்.

இவ்வளவு கருவிகள் இருந்தும் பெரும் விபத்துகள் ஏன் நடக்கின்றன? – ஆசிரியர், வில்லியனூர்

வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா மேடையை வைத்துச் சொல்கிறேன். 1988 ஜூலை 6 அன்று அங்கே இரண்டு பம்புகளில் ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். வால்வு இருந்த இடத்தில் ஓர் இரும்பு மூடி தற்காலிகமாகப் பொருத்தப்பட்டிருந்தது. வேலை அன்று முடியவில்லை. அதற்கான அனுமதிச் சீட்டு எழுதப்பட்டிருந்தும் இரவுப் பணிக்கு வந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. இரவு பத்து மணிக்குச் சற்று முன்பு இரண்டாவது பம்பு நின்றுபோனது. முதல் பம்பு நல்ல நிலையில் இருப்பதாக எண்ணி அதை ஓட்டினார்கள். மூடி தாங்கவில்லை, வாயு கசிந்து வெடித்தது. அதே குழாய்களில் இணைக்கப்பட்டிருந்த அக்கம்பக்கத்து மேடைகள் தங்கள் உற்பத்தியை உடனே நிறுத்தாததால் தீக்குத் தீனி போய்க்கொண்டே இருந்தது. 167 பேர் இறந்தார்கள். நீதிபதி கல்லன் தலைமையிலான விசாரணை 106 பரிந்துரைகளைத் தந்தது. இன்று உலகெங்கும் மேடைகளில் உள்ள பாதுகாப்பு முறைகளில் பெரும்பகுதி அவற்றிலிருந்து பிறந்தவை.

அந்த மேடையில் வால்வு இருந்தது, சீட்டு இருந்தது, தீயணைப்புப் பம்பும் இருந்தது. பகல் ஷிப்டில் தெரிந்த ஒரு செய்தி இரவு ஷிப்டுக்குத் தெரியவில்லை. நான் பணியில் சேர்ந்த புதிதில் என் மூத்தவர் ஒருவர், பொறுப்பை ஒப்படைக்கும்போது ஏட்டைப் படித்துக் காட்டினால் ஏற்கமாட்டார். என்னைக் கூட்டிக்கொண்டு இயந்திரங்களிடையே நடப்பார். பூட்டுப் போட்ட ஒவ்வொரு வால்விலும் தொங்கும் அட்டையைக் கையில் பிடித்து, எண்ணை உரக்கப் படித்து, ஏட்டிலுள்ள எண்ணோடு ஒத்துப்பார்ப்பார். ஒரு நாள் ஏட்டில் ஒன்பது இருந்தன, நடந்து எண்ணியபோது பத்து அட்டைகள் இருந்தன. பத்தாவது அட்டை எதற்கானது என்று தெரியும் வரை, பகல் ஷிப்டில் ஒருவரையும் கீழே தூங்கப்போக அவர் விடவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. எழுத மறந்தவன் நான்தான்.

கடலூர், புதுச்சேரிக் கடலில் எடுக்கும் எண்ணெயால் நம் மாவட்டத்துக்கு வருமானம் உண்டா? – வழக்கறிஞர், சிதம்பரம்

உரிமைத்தொகையாக (ராயல்டியாக) இல்லை. அரசியலமைப்பின் 297-ஆவது பிரிவின்படி கடலடியிலுள்ள கனிமங்கள் மத்திய அரசுக்கு உரியவை. நிலத்தில் எடுத்தால் உரிமைத்தொகை மாநிலத்துக்குப் போகிறது, கடலில் எடுத்தால் போவதில்லை. காட்டுமன்னார்கோவில், பரங்கிப்பேட்டை உள்ளிட்ட கடலூர் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்களைப் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களிலிருந்து பாதுகாக்கும் 2020-ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டமும் கடலுக்குள் செல்லாது. கடற்கரை ஊர்களுக்கு ஒரு பங்கு தரவேண்டும் என்று கேட்பது நியாயமென்றே நான் கருதுகிறேன்.

பிஒய்-3 வயலில் உற்பத்தி நின்றுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நின்றுபோன கிணறுகளைப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்? – மீனவ இளைஞர், பரங்கிப்பேட்டை

அங்கே உற்பத்தி 2011 ஜூலையில் நின்றது. ஆனால் உற்பத்தியை நிறுத்துவது வேறு, கிணற்றை மூடுவது வேறு. வால்வுகளை அடைத்து நிறுத்திய கிணற்றின் அடியில் அழுத்தம் அப்படியே இருக்கிறது. வேண்டும்போது திரும்பத் திறக்கலாம். அதுவரை அதன் அழுத்தத்தையும் துருவையும் கசிவையும் ஒப்பந்தக்காரர் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிலையாக மூடுவதென்றால், எண்ணெய் தரும் பாறைக்கு நேரே சிமென்ட் அடைப்பு வைத்து, அது இறுகிய பிறகு அழுத்தம் கொடுத்துச் சோதித்து, மேலே மேலே இன்னும் சில அடைப்புகள் வைத்து, கடைசியில் கடல்தரைக்குக் கீழே குழாயை அறுத்து எடுத்துவிட வேண்டும். இந்தச் செலவுக்காக வயல் ஓடும் காலத்திலேயே பணம் ஒதுக்கிவைக்கும் திட்டம் 1999-இல் வந்தது. வருமானம் நின்ற பிறகு இந்த வேலைக்குப் பணம் எடுத்துவைக்க எவருக்கும் மனம் வராது என்பதால், அதை நான் மிகத் தேவையான ஏற்பாடாகவே பார்க்கிறேன்.

உங்களைப் போன்றவர்கள் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. கடல்தரையில் கிணற்றுத் தலைகளும் குழாய்களும் இருக்கும் இடங்களைக் கடல் வரைபடங்கள் காட்டுகின்றன. டேராடூனிலுள்ள தேசிய நீரியல் அலுவலகம் மாலுமிகளுக்கான அறிவிப்புகளில் மாற்றங்களை வெளியிட்டுவருகிறது. உங்கள் சங்கத்தின் மூலம் மீன்வளத் துறையிடம் அந்த இடங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, படகின் ஜி.பி.எஸ்.-இல் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றும்போது எண் எந்த முறையில் தரப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 11.5 டிகிரி என்பது 11 டிகிரி 30 நிமிடம். அதை 11 டிகிரி 5 நிமிடம் என்று பதிந்துவிட்டால், கிணறு இருக்கும் இடத்திலிருந்து 25 கடல் மைல் தெற்கே குறி விழும்.